மாமா செஞ்ச பழைய வார்கேம் மரங்கள்: எதை வெச்சுக்கறது, எதை உரிக்கறது

படிக்கற மத்தவங்களுக்கும் புரியட்டும்னு உங்க கேள்வியை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன். மும்பை செம்பூர்ல இருக்கீங்க, உங்க மாமா 80கள்ல வார்கேம் (மேஜைல குட்டிச் சிப்பாய் பொம்மைங்களை நகர்த்தி பழைய சண்டைகளை ஆடற ஆட்டம்) ஆடறதுக்குன்னு தன் கையாலயே செஞ்ச மரங்கள் ஒரு டிரங்க் பெட்டி நிறைய உங்க கைக்கு வந்திருக்கு. எல்லாம் கம்பி முறுக்கி செஞ்சது, மேல சிலதுல பச்சை மரத்தூள், சிலதுல ஸ்பாஞ்ச், சிலதுல பாசி மாதிரி ஏதோ ஒண்ணு. தொட்டா கொட்டுது, கம்பில துரு, பெட்டிய திறந்தா ஒரு வாடை. தீபாவளிக்கு அப்புறம் ஃபிரெண்ட்ஸோட பிளாசி சண்டைய மேஜைல ஆடணும், அதுக்கு இதையே சரி பண்றதா இல்ல பழைய சாமான் எடுக்கற பங்கார்வாலாகிட்ட போட்டுட்டு ஆன்லைன்ல புதுசா ஒரு பாக்கெட் வாங்கறதா, இதானே?

போடாதீங்க. ஆன்லைன்ல வர்ற பிளாஸ்டிக் மரம் எல்லாம் ஒரே அச்சுல வார்த்தது, பத்து வாங்கினா பத்தும் ஒரே பக்கம் சாஞ்சு நிக்கும், மேஜைல வெச்சா நர்சரி மாதிரி இருக்குமே தவிர தோப்பு மாதிரி இருக்காது. கையால செஞ்ச மரத்துல விலைமதிப்புள்ளது அந்தக் கம்பி எலும்புக்கூடுதான். இருபது முப்பது கம்பிய ஒண்ணா பிடிச்சு அடிமரம் முறுக்கி, அதை ரெண்டா பிரிச்சு, அதை மறுபடி ரெண்டா பிரிச்சு, நுனில ஒத்தைக் கம்பி வர்ற வரைக்கும் ஒருத்தர் உக்காந்து முறுக்கியிருக்கார், அந்த வேலைய இன்னிக்கு நீங்க உக்காந்து செஞ்சா ஒரு மரத்துக்கே ஒரு சாயங்காலம் போயிடும். இலை அப்படி இல்ல. ஆடற மரத்துல இலை எப்பவுமே தேஞ்சு கொட்டறதுதான், சில வருஷத்துக்கு ஒரு தடவ மேல பூசிக்கிட்டே இருக்கணும். அதனால கொட்டுதேன்னு பயப்படாதீங்க, கொட்டறது இலைதான், மரம் இல்ல. அதுக்காக ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து மொத்தத்தையும் உரிச்சு வெறும் கம்பியாக்கிடாதீங்க, பாதி மரத்துக்கு அது தேவையே படாது.

முதல்ல அந்த வாடை. அது பூஞ்சையா பூச்சியான்னு பாருங்க. மும்பைல நாலு மழை மாசம் ஒரு பெட்டி மூடியே கிடந்தா ரெண்டும் வரும். அந்தக் காலத்துல வீட்ல செய்யறவங்க அடிமரத்துல பேப்பர சுத்தி மைதா பசை போட்டு ஒட்டறது சகஜம், மைதான்னா வெள்ளிப்பூச்சிக்கு விருந்துதான். அடிமரத்துல பேப்பர் மேலாக்குல அரிச்ச மாதிரி, ஒழுங்கில்லாத தடமா இருந்தா வெள்ளிப்பூச்சி. மரத்தூள் நடுவுலயோ பிளைவுட் அடிப்பலகைலயோ குண்டூசி ஓட்டை, அதுக்குக் கீழ மாவு மாதிரி பொடின்னா துளைக்கிற வண்டு. மருந்து அடிக்க வேணாம், ஹிட் அடிச்சா ஒட்டினதும் கலரும் கெட்டுப்போகலாம். மியூசியத்துல பண்றதையே பண்ணுங்க: ஒவ்வொரு மரத்தையும் ஜிப் பைல போட்டு, முடிஞ்ச வரைக்கும் காத்தை வெளிய எடுத்து மூடி, ஃப்ரீஸர்ல ரெண்டு வாரம் வெச்சிடுங்க. வீட்ல திட்டு விழும், ஐஸ்கிரீம் டப்பாவுக்கு இடமில்லன்னு சண்டை வரும், பேசி சமாளிங்க. முக்கியமான விஷயம், வெளிய எடுத்த உடனே பைய திறக்காதீங்க. ரூம் சூட்டுக்கு வர்ற வரைக்கும் மூடியே இருக்கட்டும், அப்பதான் தண்ணி பைக்கு வெளிய கோக்கும், திறந்துட்டீங்கன்னா மரத்து மேலயே கோத்து துருவை இன்னும் கூட்டும். பூஞ்சைக்கு ஃப்ரீஸர் மருந்தில்ல, அது சும்மா தூங்கும். அதை பால்கனில, மாஸ்க் போட்டுட்டு, காஞ்ச மெல்லிசு பிரஷ்ஷால தட்டி எடுத்து நல்லா காய விடணும்.

மாஸ்க்கை லேசா எடுத்துக்காதீங்க, அதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. 80கள்ல நம்ம ஊர்ல கிடைச்ச எனாமல் பெயிண்ட்ல, குறிப்பா மஞ்சள், பச்சைல, ஈயம் இருக்கறது ரொம்ப சகஜம். வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல போகக்கூடாதுன்னு விதி 2016ல வந்து 2017 நவம்பர் 1லேர்ந்துதான் அமலுக்கு வந்துச்சு, அதுக்கு முன்னாடி வந்த டப்பால என்ன இருந்துச்சோ யாருக்குத் தெரியும். அதனால பழைய பெயிண்ட் அடிச்ச அடிமரத்தையோ அடிப்பலகையோ உப்புத்தாள் போட்டு காயத் தேய்க்காதீங்க. தேய்ச்சே ஆகணும்னா தண்ணி தொட்டு, வாட்டர் பேப்பர்ல தேயுங்க, அந்த அழுக்கை ஈரத்துணில துடைச்சு பைல கட்டிப் போடுங்க. வீட்ல கைக்குழந்தை தவழ்ந்துட்டு இருந்தா இந்த வேலையே தரைல வேணாம்.

தூசி எடுக்கறதுக்கு கேமராக்கு வெக்கற ரப்பர் ப்ளோயர் போதும், இல்ல ஹேர் டிரையர்ல சூடில்லாத காத்து. வேக்யூம் இருந்தா வாய்ல ஒரு மெல்லிசுத் துணிய ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கோங்க, கொட்டற மரத்தூள் துணிலயே தங்கிடும். அந்தத் தூளைத் தூக்கிப் போடாம ஒரு டப்பால சேத்து வைங்க, பின்னாடி கலர் மேட்ச் பண்ண அதைவிட நல்ல சாம்பிள் கிடையாது. அப்புறம் இருக்கறதுலயே நல்லா இருக்கற ஒரு மரத்தை ஒண்ணுமே பண்ணாம தனியா எடுத்து வைங்க. மாமா கிளைய எப்படிப் பிரிச்சார், எந்த இடத்துல அடர்த்தியா ஒட்டினார், எங்க வெளிச்சம் உள்ள வர்ற மாதிரி விட்டார்னு பாதி வேலைல சந்தேகம் வரும்போது பாக்கறதுக்கு.

இப்ப எதை உரிக்கறதுங்கற விஷயம். இலை எந்தப் பொருள்ல ஆனதோ அதைப் பொறுத்துதான் முடிவு.

மரத்தூள் மரங்கள்தான் உங்களுக்கு லாட்டரி. மரத்தூள் தானா கெட்டுப் போகாது, கலர்தான் போகும், ஏன்னா அப்ப துணிச்சாயத்துலயோ சாப்பாட்டுக் கலர்லயோதான் முக்கி எடுப்பாங்க, அது வெயில் பட்டா நீலம் கலந்த சாம்பலாவோ பழுப்பாவோ வெளுத்துடும். அதை உரிக்க வேணாம். முதல்ல பழைய தூளை இறுக்கணும்: ஃபெவிகால் ஒரு பங்கு, தண்ணி மூணு பங்கு, அதுல பாத்திரம் கழுவற லிக்விட் ஒரு சொட்டு, கலக்கி ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்தி அடிக்கணும். சோப்புச் சொட்டு இல்லாட்டி தண்ணி மேலயே முத்து முத்தா நிக்கும், உள்ள இறங்காது. அதைவிட நல்லா வேணும்னா ஃபெவிகால் தண்ணிக்கு முன்னாடி ஐசோப்ரொபைல் ஆல்கஹாலை லேசா அடிச்சு நனைச்சுக்கோங்க, லாமிங்டன் ரோட்ல எலக்ட்ரானிக்ஸ் சாமான் விக்கற கடைல கேட்டா கிடைக்கும், அடிக்கும்போது கேஸ் அடுப்பு பக்கத்துல எரியக்கூடாது, சொல்லணுமா என்ன. காஞ்சதுக்கப்புறம் அக்ரிலிக் பெயிண்டை பால் பதத்துக்குக் கரைச்சு, கரும்பச்சை கொஞ்சம் பழுப்பு கலந்து, மரம் முழுக்க இல்ல, கீழ்ப்பக்கமும் உள்பக்கமும் மட்டும் அடிங்க. மேல் பாதிக்கு புதுசா இளம்பச்சைத் தூள் லேசா ஒரு தூவல். பழைய வெளுத்த கலர் நடுவுல அங்கங்க தெரியட்டும், நிஜ மரத்துலயும் ஒரே பச்சை கிடையாது. பத்து நிமிஷ வேலை, மரம் எழுந்து உக்காந்துக்கும்.

ஸ்பாஞ்ச் கதை வேற. அது பாலியூரித்தேன் ஃபோம், அதுல ஒரு வகை ஈரக்காத்துல தானாவே உடையும், இன்னொரு வகை வெளிச்சத்துலயும் காத்துலயும் உடையும், ஈரம், வெளிச்சம் ரெண்டுமே மும்பைல தாராளமா கிடைக்கும். ஒரு துண்டை ரெண்டு விரல்ல பிடிச்சு லேசா அழுத்திப் பாருங்க. நல்ல ஃபோம்னா அமுங்கி திரும்ப எழும். செத்த ஃபோம்னா பழைய மைசூர்பாகு மாதிரி அப்படியே உதிர்ந்துடும், இல்லாட்டி பிசுபிசுன்னு விரல்ல ஒட்டிக்கும். உதிர்ந்தாலும் சரி ஒட்டினாலும் சரி அதுக்கு வைத்தியம் கிடையாது. மேல ஃபெவிகால் அடிச்சு காப்பாத்தலாம்னு சிலர் சொல்வாங்க, ஓடு மட்டும் நிக்கும், ஆட்டத்துல யாராவது மரத்தைத் தலைய பிடிச்சுத் தூக்கினா (எல்லாரும் தலையத்தான் பிடிப்பாங்க) ஓடு நொறுங்கி கீழ இருக்கற சிப்பாய்ங்க மேல கொட்டும். மொத்தமா எடுத்துடுங்க.

பாசி மாதிரி இருக்குன்னு சொன்னது அநேகமா லைக்கன், வடக்குக் குளிர் நாடுகள்ல கலைமான் தின்கிறது, கிளிசரின்ல ஊறவெச்சு சாயம் போட்டு விப்பாங்க, பழைய ரயில் மாடல்காரங்க எல்லாம் அதைத்தான் வெச்சிருப்பாங்க. கிளிசரின் போயிடுச்சுன்னா மொறுமொறுன்னு ஆகி ஒடியும். இதைக் காப்பாத்தலாம். வெதுவெதுப்பான தண்ணி ரெண்டு பங்கு, மெடிக்கல் ஷாப் கிளிசரின் ஒரு பங்கு, அதுல ராத்திரி முழுக்க ஊறப் போட்டு, பிழிஞ்சு, பேப்பர் மேல நிழல்ல காய வெச்சா மெத்துன்னு திரும்பி வந்துடும். ஆனா ஒரு சிக்கல் சொல்றேன். கிளிசரின் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். குளிர்காலத்துல காத்து வறண்டு போற ஊர்ல இது நல்ல விஷயம், நம்ம ஊர்ல ஜூலைல அந்த லைக்கன் வியர்த்து ஊத்தும், பூஞ்சை பிடிக்கும். அதனால என்கிட்ட கேட்டா, லைக்கனை மரத்துலேர்ந்து எடுத்து, ஊறவெச்சு, புதரா வேலி ஓரத்துல உபயோகிச்சுக்கோங்க, கெட்டுப்போனா ஒரு புதர் போச்சு. மரத்துக்கு வேற இலை போடுங்க.

உரிக்கறதுக்கு முன்னாடி எந்தப் பசைன்னு தெரிஞ்சுக்கணும். ஃபெவிகால் 1959லேர்ந்து இருக்கு, வீட்ல செஞ்சதுன்னா பெரும்பாலும் அதுதான். யாருக்கும் தெரியாத உள்கிளைல ஒரு சொட்டு வெந்நீர் வெச்சு அஞ்சு நிமிஷம் விடுங்க. பசை வெள்ளையா மாறி நகத்துல அமுங்கினா ஃபெவிகால், தண்ணிலயே வரும். மைதான்னா வழவழன்னு கரையும். ரெண்டும் இல்லாம கண்ணாடி மாதிரி மஞ்சளா, கெட்டியா அப்படியே இருந்தா அரால்டைட், அதை உரிக்கற ஆசைய விட்டுட்டு மேலயே வேலை பாருங்க. ரப்பர் மாதிரி இழுபட்டா செருப்புக்கு ஒட்டற வகை பசை, அதுக்கு தின்னர் வேணும், அடிப்பலகைல தெர்மாகோல் இருந்தா தின்னர் பட்ட இடம் குழியாயிடும்.

தண்ணில வர்ற மரத்தை முழுசா முக்கிடாதீங்க, இங்கதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. அடிமரத்துப் பட்டையும் பேப்பரும் ஃபெவிகாலும்தானே, இலையோட சேர்ந்து அதுவும் கழண்டு வந்துடும், அப்புறம் மாமா செதுக்கின பட்டை பக்கெட்டுக்கு அடில கிடக்கும். மரத்தைத் தலைகீழா பிடிச்சு, கிளைப்பகுதி மட்டும் முழுகற மாதிரி ஒரு பழைய மக்ல வெந்நீரும் சோப்பும் ஊத்தி நிறுத்துங்க, அடிப்பலகைய மக்கு விளிம்பு மேல ஒரு ஸ்கேல வெச்சு அதுல துணி கிளிப் போட்டு மாட்டிடலாம். அரை மணி கழிச்சு பழைய டூத்பிரஷ்ஷால அடிலேர்ந்து நுனிப்பக்கமா தள்ளுங்க, எதிர்ப்பக்கமா தள்ளினா ஒத்தைக் கம்பி மடங்கும். மடங்கினதை நேராக்கறேன்னு முன்னும் பின்னும் ஆட்டாதீங்க, கம்பி ஏற்கெனவே ஒரு தடவ முறுக்கி இறுகிப்போனது, ரெண்டு ஆட்டுல ஒடிஞ்சிடும். தண்ணிய சிங்க்ல ஊத்தும்போது சல்லடைல வடிகட்டி ஊத்துங்க, மரத்தூளும் பசையும் பைப்பை அடைச்சா பிளம்பருக்குக் குடுக்கற காசுல புது மரமே வாங்கிடலாம்.

உரிச்சதும் உடனே காய வெக்கணும், ஹேர் டிரையர்ல சூடு காத்து, ஏன்னா இரும்புக் கட்டுக்கம்பி ஈரத்தோட ராத்திரி கிடந்தா காலைல ஆரஞ்சா நிக்கும். கம்பி என்னன்னு காந்தம் வெச்சுப் பாருங்க. ஒட்டினா இரும்பு, ஒட்டாம செம்பா இருந்தா பழைய கரண்ட் வயர்லேர்ந்து உரிச்சு எடுத்தது, அதுல பச்சைக் களிம்பு பிடிச்சிருக்கும், வினிகர்ல உப்பு போட்டு துடைச்சு, நல்ல தண்ணில அலசினா போதும். இரும்புத் துருவை ஒரேயடியா எடுக்கணும்னு அவசியம் இல்ல, உதிர்ற துருவை மட்டும் பிரஷ்ல தட்டிட்டு ஹார்டுவேர் கடைல கிடைக்கற ரெட் ஆக்ஸைடு மெட்டல் பிரைமரை தின்னர் விட்டு இளக்கி ஒரு கோட் அடிங்க. இதைத் தவிர்க்காதீங்க. துரு பிடிச்ச கம்பி மேல நேரா ஃபெவிகாலோ அக்ரிலிக்கோ போட்டா அதுல இருக்கற தண்ணியே புதுசா துரு பிடிக்க வெக்கும், ரெண்டு மாசத்துல இலை மேல ஆரஞ்சுக் கறையா வெளிய தெரியும். நீங்க அதுக்கு மேல எத்தனை கோட் பச்சை அடிச்சாலும் அது வரும்.

ஒடிஞ்ச கிளைக்கு: செம்புன்னா சால்டரிங் அயர்ன் இருந்தா ஒரு பொட்டு ஈயம், முடிஞ்சது. இரும்புன்னா ஒடிஞ்ச இடத்துல புதுக்கம்பிய பழைய கம்பியோட ஒரு சென்டிமீட்டர் சேத்து வெச்சு, மெல்லிசு செம்புக் கம்பியால சுத்திக் கட்டி, சூப்பர் க்ளூ ஒரு சொட்டு விட்டு மேல சமையல் சோடாவைத் தூவுங்க, கண் சிமிட்டற நேரத்துல கல்லாயிடும், கொஞ்சம் சூடாகும், கைய வெக்காதீங்க. கம்பி வேணும்னா லோஹார் சால் போனா எல்லா கனத்துலயும் கிடைக்கும், ஆனா வீட்டுல பழைய சார்ஜர் கேபிள் கிடந்தா அதை உரிச்சாலே நாலு மரத்துக்கு நுனி வரும்.

பட்டை உடைஞ்ச இடத்துக்கு சுவர் புட்டி பூசறாங்க, பாக்க நல்லா இருக்கும், ஆனா கிளை கொஞ்சம் வளைஞ்சா பொளந்து விழும். அடிமரத்துக்கும் வேருக்கும் எம்-சீல், கைல ஒட்டாம இருக்க தண்ணி தொட்டுக்கோங்க, இறுகறதுக்கு முன்னாடி ஊசியால கோடு போட்டுடுங்க. வளையற கிளைக்கு பாத்ரூம் விரிசலுக்குப் போடற அக்ரிலிக் சீலன்ட், அது ரப்பர் மாதிரி வளையும், மேல பெயிண்டும் பிடிக்கும். சிலிகான் வாங்கிடாதீங்க, அது மேல பெயிண்ட் நிக்கவே நிக்காது, கடைக்காரர் ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்வார்.

அடிமரத்துக்கு பழுப்புக் கலர் அடிக்கறது எல்லாரும் பண்றது. அடுத்த ஞாயிறு மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் போனா அங்க நிக்கற பெரிய தூங்குமூஞ்சி மரங்களோட அடிமரத்தைக் கிட்டப் போய் பாருங்க. பழுப்பு எங்க இருக்கு? சாம்பல், மழைல நனைஞ்ச பக்கம் கறுப்பு, நிழல் பக்கம் பாசிப் பச்சை, வெடிப்புக்குள்ள மட்டும் கொஞ்சம் பழுப்பு. நான் கறுப்பும் பழுப்பும் கலந்த அடி கோட், மேல சாம்பலைக் காஞ்ச பிரஷ்ல உரசல், அப்புறம் ஒரு பக்கம் மட்டும் தண்ணியா பச்சைன்னு அடிப்பேன். ரெட் ஆக்ஸைடு கோட் அங்கங்க லேசா எட்டிப் பாத்தாலும் தப்பில்ல.

இப்ப பிளாசி. உங்க ஆட்டத்துக்கு மரம் வெறும் அலங்காரம் இல்ல. 1757 ஜூன் 23ஆம் தேதி கிளைவோட படை நின்னதே ஒரு மாந்தோப்புக்குள்ளதான், லக்கா பாக்னு சொல்வாங்க, சுமார் 800 கஜம் நீளம், 300 கஜம் அகலம், சுத்தி மண் மேடும் பள்ளமும், மரங்கள் வரிசை வரிசையா நட்டது. மதியத்துல கொட்டின மழைல எதிர்ல நின்ன வங்காள நவாப் பக்கத்து வெடிமருந்து நனைஞ்சு போச்சு, கிளைவோட ஆளுங்க தார்ப்பாய் போட்டு மூடிக்கிட்டாங்க. ஆக உங்களுக்கு வேண்டியது காடு இல்ல, தோப்பு. மாமா செஞ்சதுல ஓக், பாப்லர் மாதிரி ஐரோப்பிய மரமும் கலந்து இருக்கும், அந்தக் காலத்துல ஆடினவங்க பாதி பேர் வாட்டர்லூதானே ஆடுவாங்க. ஒல்லியா நெட்டையா மேல நோக்கிப் போற பாப்லரைத் தொடாதீங்க, அதை மாமரமா மாத்த முடியாது, மாத்தவும் கூடாது, நாளைக்கு ஃபிரான்ஸ்ல நடக்கற சண்டை ஆடினா வேணும். பரந்து விரிஞ்ச ஓக்கை மட்டும் எடுத்துக்கோங்க. மாமரம்னா குட்டை அடிமரம், கவுத்த அரைவட்டமா அடர்ந்த தலை, உள்ள வெளிச்சமே போகாத கரும்பச்சை, ஒண்ணு ரெண்டு மரத்துல ஒரு பக்கம் மட்டும் செம்பு நிறத்துல தளிர். எல்லா மரத்துலயும் தளிர் வெச்சா பூக்கடை ஆயிடும். உயரம் பத்துலேர்ந்து பதினஞ்சு சென்டிமீட்டர் போதும். நிஜக் கணக்குப்படி பாத்தா 28 மிமீ பொம்மைக்கு 15 மீட்டர் மரம் இருபத்தஞ்சு சென்டிமீட்டருக்கும் மேல வரும், அப்புறம் கைய விட்டு பொம்மைய நகர்த்த முடியாது. மாமா செஞ்சப்ப 25 மிமீ பொம்மைதான் வழக்கம், அதனால மரம் கொஞ்சம் சின்னதா தெரிஞ்சா அது தப்பு இல்ல, அடிப்பலகைய கொஞ்சம் உசத்திக்கோங்க, சரியாயிடும்.

புது இலை. கடைல வாங்கற இறக்குமதி ஃபோம் பாக்கெட் நல்லாத்தான் இருக்கும், நாப்பது மரத்துக்கு வாங்கினா பர்ஸ் அழும். மெத்தைக் கடைல வெட்டித் தள்ளின ஃபோம் துண்டு கேட்டா சும்மாவே குடுப்பாங்க, அதைப் பொடிசா நறுக்கி, அக்ரிலிக் பெயிண்ட், தண்ணி, கொஞ்சம் ஃபெவிகால் கலந்த கரைசல்ல ஊறவெச்சு, அந்த ஈரத்தோடயே மிக்ஸில ஓட்டணும். காய ஓட்டாதீங்க, தூள் மூச்சுக்குள்ள போகும், சூட்டுல ஜார்லயும் ஒட்டிக்கும். வீட்டு ஜார்ல இல்ல, பழைய ஜார் ஒண்ணு இதுக்குன்னே தனியா, அதுல திரும்ப சட்னி அரைக்கக்கூடாது. துணில பிழிஞ்சு, பேப்பர்ல காய வெச்சு, ரவா சல்லடைலயும் மாவு சல்லடைலயும் சலிச்சு மூணு தரமா பிரிச்சுக்கோங்க. ஆனா இதுவும் ஃபோம்தான், பல வருஷம் கழிச்சு உங்க மருமகன் கைல இதுவும் உதிரும். அதனால என் விருப்பம் வேற: உள்ளுக்கு பீர்க்கங்காய் நார், வெளிய மரத்தூள். முத்திக் காஞ்ச பீர்க்கங்காயோட நாரை நல்லா இழுத்து பிச்சு மெல்லிசாக்கி, கரும்பச்சை அடிச்சு, கம்பிக் கிளைல ஜெல் சூப்பர் க்ளூல அங்கங்க குத்தி ஒட்டினா பழைய காலத்து மாடல்காரங்க இலைக்கு வெச்ச ரப்பர் போட்ட குதிரைமுடி மாதிரியே வலையா நிக்கும், அது மேல தூள் தூவினா சின்னச் சின்ன இடைவெளி விட்டு இயல்பா உக்காரும். ஆடும்போது தலைய பிடிச்சுத் தூக்கினாலும் அமுங்கி திரும்ப எழும். மரத்தூளை ரே ரோடு பக்கம் மரக்கடைல ஒரு பை வாங்கிக்கோங்க, அக்ரிலிக்ல கலர் பண்ணுங்க, துணிச்சாயம் வேணாம், மாமாவோடது ஏன் வெளுத்துச்சுன்னுதான் பாத்தோமே.

தூளை ஒட்டறதுக்கு சாதா ஃபெவிகால்தான். தண்ணிக்குத் தாங்கும்னு மரைன் வகைய இலைக்குப் போடாதீங்க, அடுத்த தடவ உரிக்கறவனுக்கு தண்ணில வராது. அடிப்பலகைக்கு வேணும்னா போடுங்க.

பெரிய தொல்லை வார்னிஷ். ஃபெவிகால் காஞ்சா பளபளக்கும், அதை அடக்க மேட் வார்னிஷ் வேணும், ஆனா ஈரக்காத்துல ஸ்ப்ரே கேன் மேட் அடிச்சா மரம் மேல வெள்ளையா பனி படிஞ்ச மாதிரி ஆகி நாசமாயிடும். மழை நிக்கற வரைக்கும் ஸ்ப்ரே கேனைத் தொடாதீங்க. வழக்கமா அக்டோபர் முதல் பாதிலயே மும்பைல மழை விலகிடும், அதுக்கப்புறம் ஒரு சுள்ளுன்னு வெயில் வரும் பாருங்க, அதான் உங்க வார்னிஷ் நேரம், தீபாவளிக்குள்ள முடிஞ்சிடும். அது வரைக்கும் உரிக்கறது, கம்பி, பட்டை எல்லாம் பாத்துக்கோங்க. ஃபெவிகால் வேலைய ஃபேனுக்குக் கீழ பண்ணுங்க, மழைக் காலத்துல ராத்திரி ஒட்டினது காலைலயும் ஈரமா இருந்தா கவலைப்படாதீங்க, இன்னொரு ராத்திரி விடுங்க.

நடுவுல நவராத்திரி வரும். உங்க வீட்ல கொலு பார்க் வெக்கற பழக்கம் இருந்தா யாராவது இந்த மரத்தைப் பாத்துட்டு "ரெண்டு குடேன்"னு கண்டிப்பா கேப்பாங்க. குடுக்காதீங்க. முளைச்ச கடுகுப் புல்லுக்கு தினமும் தண்ணி தெளிப்பாங்க, மரமும் சேந்து நனையும். லைக்கன் புதரைக் குடுத்து அனுப்பிடுங்க.

அடிப்பலகைல ரொம்ப மெனக்கெட வேணாம். பழசு வளைஞ்ச ஹார்ட்போர்டா இருந்தா எடுத்துட்டு 3 மிமீ எம்டிஎஃப் பலகை வெட்டிக்கோங்க, ரெண்டு பக்கமும் பெயிண்ட் அடிங்க, ஒரு பக்கம் மட்டும் அடிச்சா அதுவும் வளையும். அடில ஒரு பெரிய இரும்பு வாஷர் ஒட்டினா மரம் சாயாது. தோப்புக்கு மட்டும் ஒரு வேலை செய்யுங்க: ஒரு பெரிய பலகைல வரிசையா வாஷர் பதிச்சு, மாமரத்துக்கு அடில சின்ன காந்தம். சிப்பாய்ங்க உள்ள போகும்போது மரத்தை எடுத்துடலாம், போனதும் வெச்சிடலாம், தோப்பு எங்க முடியுதுன்னு பலகை விளிம்பே சொல்லிடும், தோப்புக்குள்ள இருக்கற சிப்பாய் எதிரி கண்ணுக்குத் தெரியறானா இல்லையான்னு ஆட்டத்துக்கு நடுவுல சண்டை வராது.

திரும்ப அந்த டிரங்க் பெட்டில வெக்காதீங்க. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, அடில வாஷர் ஒட்டற மாதிரி ஒரு தகடு, ரெண்டு பொட்டலம் ஆரஞ்சு சிலிக்கா ஜெல், அது பச்சையானா அவன்ல சூடு காட்டி திரும்ப உபயோகிக்கலாம். பூச்சிக்குன்னு அந்துருண்டை போடற பழக்கம் நம்ம வீடுகள்ல உண்டு, இங்க வேண்டவே வேண்டாம், அதோட ஆவி தெர்மாகோலையும் பாலிஸ்டைரீன் பொம்மையையும் இளக்கிடும், பிளாஸ்டிக் சிப்பாய்ங்களும் அதே அலமாரில இருந்தா அவங்களுக்கும் சேத்துதான் சொல்றேன்.